முதுகுப் படம்

ஜெயபிரகாஷ் அக்காவின் ஆதார் அட்டையைத் தரையில் வைத்துச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அக்கா சுஜாதாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஏற்காட்டு ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து மறுபடியும் கூப்பிட்டுவிட்டார்கள். மத்தியானத்துக்குள் வாழவந்தி பஸ் நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியாக வேண்டும். அத்தாயி மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டையில் இருந்தவள் போலீசில் பிடிபட்ட ஆள்போல முழித்தாள். இதுவா என் மகள் என்று அத்தாயிக்கு எரிச்சலாக வந்தது.

சுஜாதா யார் முகத்தையும் எடுக்கமாட்டாள், தன் முகத்தை எடுக்க விடவும் மாட்டாள். ஆரம்பத்தில் கல்யாண வீடுகளில் கேமரா தூக்கியவள்தான். டூர் வருகிறவர்கள் காப்பித் தோட்டத்துப் பெண்களைக் கேட்காமலே முகத்துக்கு நேரே போனை நீட்டுவதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போனாள். பிறகு அந்தப் பெண்களைப் பின்னாலிருந்து மட்டும் எடுத்தாள். கூடை சுமந்து காய்த்த முதுகு, ரவிக்கை நனைந்த முதுகு. அவை கொச்சியிலும் பெர்லினிலும் கண்காட்சிச் சுவரேறின. ஊர் மட்டும் அவளுக்கு ‘முதுகுக்காரி’ என்று பெயர் வைத்துச் சிரித்தது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

அத்தாயி எழுந்துபோய் மகளின் அறையிலிருந்து ஒரு படத்தை எடுத்துவந்தாள். காப்பிச் செடிகளுக்கு நடுவே சுஜாதா தன் முதுகைத் தானே எடுத்துக்கொண்டது. அள்ளி முடிந்த கொண்டை, குறுக்கே கேமரா வார், லேசாகச் சரிந்த இடது தோள்.

“இதப் போடு சாமி.”

ஜெயபிரகாஷ் பெரியப்பா பொன்னுவேலைப் பார்த்தான். அவர் வேண்டாமென்று தலையாட்டினார். அவன் அம்மாவிடம் திரும்பினான்.

“செத்தும் முதுகக் காட்டிட்டு ஓடிட்டாம்பாங்கம்மா. மூஞ்சி இல்லீன்னா யாருன்னு எவனுக்குத் தெரியும்?”

“நானு வரிசையில நின்னு பழம் பறிச்சவ. முன்னால போறவ முதுகப் பாத்தே அவ சோறு தின்னாளா, புருசங்கிட்ட அடி வாங்குனாளான்னு சொல்லிருவேன். உங்கக்கா எவனுக்குப் பயந்தும் ஓடல. போட்டா இதப் போடு, இல்லீன்னா பேனரே வேண்டாம்.”

அவன் படத்தை எடுத்துக்கொண்டு போனான். பொன்னுவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

பேனர் கட்டி முடிக்கவும் கிளியூர்ப் பெண்கள் வந்த பஸ் நிற்கவும் சரியாக இருந்தது. ஒப்பாரி பஸ் நிறுத்தத்திலேயே தொடங்கிவிட்டது. மரியசெல்வி வீட்டுக்குள் ஓடிவந்து அத்தாயியைக் கட்டிக்கொண்டாள். சுஜாதாவுடன் படித்தவள்.

“பேரக்கூடப் படிக்கலைங்க. அந்தத் தோளப் பாத்ததுமே அவதான்னு தெரிஞ்சு போச்சுங்க.”

பின்னால் வந்த ஜெயபிரகாஷ் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

எடுத்துக்கொண்டு போகையில் ஊர் எல்லையில் பெண்கள் நின்றார்கள். அத்தாயி நிற்கவில்லை. பொம்பளை மயானத்துக்கு வரும் வழக்கம் இல்லையே என்று பொன்னுவேல் வழியை மறித்தார்.

“பெத்தவ நானு. கொண்டுபோயி விடறதும் நானேதான்” என்று அவரைத் தாண்டி நடந்தாள். யாரும் அவள் கையைப் பிடித்து நிறுத்தவில்லை.

குழி மூடினார்கள். ஜெயபிரகாஷ் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றிவந்து உடைத்தான். திரும்பிப் பார்க்காமல் போகச் சொன்னார் பொன்னுவேல். விடியற்காலையிலிருந்து அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று உறவுக்காரர்கள் முணுமுணுத்தது அத்தாயி காதில் விழுந்திருந்தது. அவன் ஈர வேட்டியோடு முன்னால் போனான். அத்தாயி அவனுக்குப் பின்னால் நடந்தாள்.

மேட்டில் ஏறும்போது அவனுடைய வெற்று முதுகு விட்டுவிட்டுக் குலுங்கியது. அத்தாயி அவனைக் கூப்பிடவில்லை. அவன் திரும்பிவிடாதபடி நடையைத் தளர்த்திக்கொண்டு, வீடு வரை பின்னாலேயே வந்தாள்.