வெந்நீரில் வைத்த வைரஸ்

எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் நாளை ஒரு நாள்தான் அந்தக் கால்நடை ஆய்வகத்துக்குக் கிடைக்கும். விட்டால் அடுத்த வருடம். எந்தத் துண்டை ஏற்றுவது என்பதில்தான் சண்டை.

கோமாரி நோயிலிருந்து பிழைத்த மாடுகளின் ரத்தத்தில் ஆன்டிபாடிகளைத் தேடி, வைரஸைப் பிடிக்கும் நுனியை மட்டும் துண்டாக வெட்டி வைத்திருந்தார்கள். அது வைரஸில் எந்த இடத்தைப் பிடிக்கிறது என்று படத்தில் தெரிந்தால், அந்த இடம் குலையாதபடி புதுத் தடுப்பூசியை வடிவமைக்கலாம். ஆய்வகத் தலைவர் கண்டெடுத்த துண்டு உடும்புப்பிடி. அவர் அதைத் தாங்கு தாங்கென்று தாங்குவதைப் பார்த்து எல்லோரும் வைத்த பெயர் மாப்பிள்ளை. அவரிடம் ஆராய்ச்சி செய்யும் இளம்பெண் கண்டெடுத்தது லேசாகத்தான் ஒட்டும். அதற்குப் பெயர் சவலை.

"மாப்பிள்ளையை ஏத்து. பேச்சு முடிஞ்சுது," என்றார் தலைவர்.

"முடியலை சார். அது எதைப் பிடிக்குதுன்னு பாத்தீங்களா?"

"வைரஸைத்தான். வேற எதை, என் மூக்கையா?"

அவள் வீரியம் போக்கிய வைரஸை இரண்டு குழாய்களில் எடுத்தாள். ஒன்றை அப்படியே வைத்தாள். மற்றதை வெந்நீர்த் தொட்டியில் இறக்கினாள். சூட்டில் வைரஸின் ஓடு சில்லுசில்லாகப் பிரிந்துவிடும்.

அது வேகும் நேரத்தில் அண்ணன் போன் செய்தான். மாடு வளர்க்கிறவன்.

"என்னம்மா விஞ்ஞானி, உங்க ஊசி போட்ட மாட்டுக்கே நாக்குல கொப்புளம்."

"ஊசி மருந்து வெயில்ல கிடந்திருக்கும்ண்ணா. உள்ள வைரஸ் உடைஞ்சிருந்தா, மாட்டோட உடம்பு தப்பான ஆளை அடையாளம் வச்சுக்கும்."

"அப்போ உடையாததா ஒண்ணு செய்யேன். எதுக்கு உன்னைப் படிக்க வச்சோம்?"

இரண்டு குழாய்களிலிருந்தும் சொட்டு எடுத்துத் தட்டின் குழிகளில் விட்டு, இரண்டு துண்டுகளையும் தனித்தனியே சேர்த்தாள். துண்டு ஒட்டிய குழி மஞ்சளாகும். மாப்பிள்ளை இருந்த இரண்டு குழிகளும் மஞ்சள். சில்லுகள் இருந்த குழி இன்னும் அடர்த்தி. சவலை, முழு வைரஸில் வெளிர்மஞ்சள். சில்லுகளில் வெறும் தண்ணீர் நிறம்.

"மாப்பிள்ளை குப்பையையும் கட்டிப்பிடிக்கிறார் சார். சவலைக்கு வைரஸ் முழுசா இருக்கணும். சில்லுங்க ஒண்ணுசேர்ற இடத்தைத்தான் அது பிடிக்குதுன்னு நினைக்கிறேன்."

தலைவர் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"இவ்வளவு லேசா ஒட்டறது படத்துல விழாமலே போகலாம்."

"போகலாம்."

"மாப்பிள்ளைன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். நீ மாத்தி, அது சொதப்பிச்சுன்னா, இங்க உனக்கு இடமில்லை."

"சரி சார். உடைஞ்சதைப் பாத்து ஊசி செய்யற இடத்துல எனக்கும் வேலையில்லை."

மறுநாள் அவருக்கு முன்பே மைக்ரோஸ்கோப் அறைக்குப் போனாள். அதை இயக்குகிறவர் தலையைச் சொறிந்தார்.

"மாப்பிள்ளைன்னுல்ல சொன்னாங்க? சார் கத்துவாரேம்மா."

"என்கிட்டதான் கத்துவார். நீங்க ஏத்துங்க."

தலைவர் உள்ளே வந்தபோது சவலை இயந்திரத்துக்குள் போய்விட்டிருந்தது. அவர் முறைத்தார். அவள் நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.