லாரி முடிச்சு

நாற்பதடி உயரப் பாய்மரத்திலிருந்து மகிழினி விழுந்து எட்டு மாதம் கழித்து, அந்தத் தோணியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பகல். ராயபுரம் பழைய படகுத்துறையில் வரிசை நீண்டிருந்தது. அவள் புருஷன் எழிலனும் அதில் நின்றான்.

தொண்ணூறு வருஷத்துத் தோணி. தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றி வந்தது, பிறகு சேற்றில் கிடந்து மக்கியது. ஓர் அறக்கட்டளை அதைத் தூக்கி நிறுத்திப் பலகை மாற்றியது. வண்ணம் பூசியவள் மகிழினி. முகப்பில் 'அங்கம்மா' என்று பெயர் எழுதியதும் அவள்தான். எழிலன் அந்த எழுத்துகளைப் பார்த்தான். நகர்ந்தான்.

போலீஸ் அறிக்கை நான்கே வரி. கம்பத்தில் பாதுகாப்பு பெல்ட்டை மாட்டாதது இறந்தவரின் கவனக்குறைவு.

அந்த வண்ண வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவன் அவள் அண்ணன் பீம்ராவ். வியாசர்பாடியில் குத்துச்சண்டை பழகியவன், இருபது வருஷமாக லாரி லோடுமேன். மூலக்கொத்தளம் இடுகாட்டில் அவள் குழிக்குப் பக்கத்திலேயே எழிலனை அடித்தான்.

"பொண்டாட்டிய கம்பத்துல ஏத்திட்டு நீ ஃபேனுக்குக் கீழ குந்திகினு இருந்தியாடா?"

முதல் குத்தில் உதடு கிழிந்தது. இரண்டாவதில் பல் போனது. எழிலன் கையைத் தூக்கவில்லை. அடிக்க அவனுக்கு உரிமை உண்டு என்றுதான் பட்டது.

இப்போது தோணியின் மேல்தளத்தில் பீம்ராவும் வேம்பு என்ற கூட்டாளியும் நின்றார்கள். அன்று மகிழினியைக் கயிற்றில் இழுத்து ஏற்றியவர்களும் இவர்கள்தான். பாய்மர உச்சியில் ஒரு கப்பி, அதில் ஓடும் கயிறு, கயிற்றின் நுனியில் உட்காரும் பலகை. வருகிறவர்களை அதில் உட்காரவைத்து இழுத்து ஏற்றி, கயிற்றைத் தளத்து மரக்கட்டையில் கட்டுவார்கள். மேலிருந்து படம் எடுத்துக்கொள்ளலாம். ஜானட் என்ற கல்லூரிப் பெண் ஏறியிருந்தாள்.

"எண்ணூர் தெரியுதாடி?" என்று கீழே தோழி கத்தினாள்.

"புகைதான்டி தெரியுது!"

பீம்ராவ் கயிற்றைக் கட்டினான். ஒரு கண்ணி, ஒரு முறுக்கு, மிச்சக் கயிற்றின் வாலை மடித்து ஒரு சொருகல்.

எழிலனுக்குத் திருவொற்றியூர் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. தார்ப்பாய்க் கயிற்றில் தினமும் நூறு தடவை பார்க்கும் முடிச்சு. எந்தப் பாரத்தையும் தாங்கும். வாலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தமும் அவிழும். கிடங்கில் லாரி நின்றதும் லோடுமேன் மேலே பார்ப்பதில்லை. கை தானாக வாலைத் தேடிப் போகும்.

அவன் பீம்ராவின் அருகே போனான்.

"அன்னிக்கும் இதே முடிச்சா மச்சான்?"

பீம்ராவ் திரும்பினான். "உனுக்கு இங்க இன்னா வேல? எறங்கு."

"இதே முடிச்சா?"

"ஜனங்க கீறாங்க மாப்ள. பேஜாரு பண்ணாத."

எழிலன் குனிந்து வாலைக் கையில் சுற்றிக்கொண்டான். முகம் மாறவில்லை.

"சொல்லு. இல்லன்னா இழுக்கறேன்."

"டேய், மேல பொண்ணு கீதுடா!"

"அன்னிக்கும் ஒரு பொண்ணு இருந்துச்சு."

வேம்பு பின்னாலிருந்து கழுத்தை வளைத்தான். எழிலன் தலையைப் பின்னுக்கு வீசினான். மூக்கெலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. வேம்பு முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். அந்த ஆட்டத்தில் வால் விறைத்து, சொருகிய மடிப்பு பாதி வெளியே வந்தது. ஜானட் அலறினாள்.

"சொல்ட்றேன்டா!" பீம்ராவின் குரல் உடைந்தது. "அவள ஏத்திட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தா வாலு தொங்கிகினு இருந்துச்சு. கை போய் இழுத்துட்ச்சி. அவ வுழுந்தப்புறம்தான்டா நான் மேலயே பாத்தேன்."

"பெல்ட்டு?"

"எறங்கறதுக்குக் கழட்டியிருப்பா. கழட்டுனாத்தான எறக்க முடியும்?"

"தெரிஞ்சுதான் என்னை அடிச்சியா?"

பதிலாக பீம்ராவ் பாய்ந்தான். குத்து தாடையில் இறங்கியது. எழிலன் சரிந்தான். வாலும் கூடவே வந்தது. முடிச்சு அவிழ்ந்தது.

கயிறு புகைந்துகொண்டு மேலே ஓடியது. இருவரும் அதன் மேல் விழுந்தார்கள். எழிலனின் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு உரிந்து போனது. பீம்ராவ் கயிற்றை முழங்கையில் சுற்றினான், தோள்மூட்டு கழன்றது. விடவில்லை. ஜானட் தளத்துக்கு ஒரு முழம் மேலே குலுங்கி நின்றாள். அவளுடைய போன் பக்கத்தில் விழுந்து சிதறியது.

தோழிகள் அவளை இறக்கியதும் கூட்டம் எழிலன் மேல் பாய்ந்தது. "பொம்பளப் புள்ளயக் கொல்லப் பாத்தான்!" செருப்பு, முட்டி, கட்டை. விலாவில் ஏதோ முறிந்தது. அவர்கள் சொன்னது உண்மைதான். அவன் தடுக்கவில்லை.

ஒரு பாரம் அவன் மேல் கவிந்தது. பீம்ராவ். உதைகள் இப்போது அவன் முதுகில் விழுந்தன.

"அவன வுடுங்க," என்றான். வாயில் ரத்தம் நுரைத்தது. "என் தங்கச்சியக் கொன்னது நான். வால இழுத்தது நான்."

காவலுக்கு நின்ற ஏட்டு லத்தியால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "இன்னாடா ஒளர்ற?"

பீம்ராவ் வாயை மூடிக்கொண்டான்.

எழிலன் தோல் உரிந்த கையால் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான்.

"சாருக்குக் கேக்கல மச்சான். அவ மேல தப்பில்லன்னு சொல்லு. சத்தமா."