மேட்டு லயத்து வெடிப்பின் பிரதிகள்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. கேட்டு வாங்கப்பட்டது. ஹட்டனில் இணையப் பாதுகாப்பு பற்றிக் கைநூல் போடும் அலுவலகம் ஒன்றில் குணரத்தினம் சேர் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். தேத்தண்ணி வாங்கித் தந்துவிட்டுச் சொன்னார்:

"தோட்டத்துப் பொம்பிளை ஒராள் ஃபோனிலை ஏமாறுறா. பிறகு திருந்துறா. சனத்துக்கு விளங்கிற மாதிரி எழுதித் தாங்கோ, பிள்ளை."

சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து எழுதவும் தொடங்கினேன்.

"சண்முகவடிவு ஓர் அப்பாவிக் கொழுந்துக்காரி. ஃபோனைப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும்—"

(நிறுத்திவிட்டேன். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. ஏமாறுவதற்கு ஆள் தேவைப்பட்டால் உடனே எங்கள் பெண்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்களா?)

2

மறுபடியும் தொடங்குகிறேன். சண்முகவடிவு தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள், உயர்தரம்வரை படித்தவள். றொசல்லப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மேட்டு லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில், குடியிருக்கிறாள். லயத்துக்குப் பின்னால் மண்மேட்டில் ஒரு வெடிப்பு விழுந்தது. முதலில் விரல் நுழைந்தது, பிறகு கை நுழைந்தது. ஞாயிறுதோறும் அதற்குள் கையை விட்டுப் படம் பிடித்து முகநூலில் போட்டாள்; ஃபோனில் இடம் போதாததால் போட்ட கையோடு அதிலிருந்து அழித்தும்விட்டாள். போன மாதம் தோட்ட நிர்வாகத்து ஆட்கள் வெடிப்பை மண் போட்டு மூடி, மேலே புல்லும் பதித்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மண்சரிவு அதிகாரிகள் வருகிறார்கள். வெடிப்பு இருந்ததற்கும் வளர்ந்ததற்கும் அந்தப் படங்களை விட்டால் வேறு சாட்சியில்லை. சாட்சி இருந்தால் லயத்தை வேறிடத்துக்கு மாற்றச் சொல்வார்கள், செலவு நிர்வாகத்தின் தலையில் விழும். இல்லாவிட்டால் அடுத்த பெருமழைவரை எல்லோரும் அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

3

இனி ஃபோன் விஷயம். மலையில் கொழுந்து பறிக்கும்போது ஃபோன் கையில் இருந்தால் அரைநாள் சம்பளம் போய்விடும். அதனால் பெண்கள் காலையில் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவிலேயே ஃபோனையும் விட்டுவிட்டுப் போவார்கள். சிக்னல் கிடைப்பதும் அங்கேதான். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்கண்ணு, ஃபோன்களை மேசையில் வரிசையாக வைத்திருப்பாள். ஒவ்வொன்றின் முதுகிலும் காயத்துக்குப் போடும் பிளாஸ்டர் ஒட்டி, அதில் திறக்கும் இலக்கம் எழுதியிருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து அவசரமாகச் செய்தி வந்தால் அவள் பார்த்துச் சொல்ல வேண்டுமே.*

* சிரிக்காதீர்கள். உங்கள் அலுவலகக் கணினியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தாளில் என்ன எழுதியிருக்கிறது?

4

செவ்வாய்க்கிழமை கணக்கு திருடப்பட்டது. வெளிநாட்டுக் கள்ளன் ஒருவனைக் கொண்டுவந்திருக்கலாம். கைநூலுக்கு அழகாக இருந்திருக்கும். ஆனால் கள்ளன் உள்ளூர்க்காரன். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று முகநூலிடம் சொல்ல, கணக்குக்குரிய ஃபோன் எண் போதும். ஆட்கள் பேசட்டும் என்று வடிவு தன் எண்ணைப் பக்கத்திலேயே போட்டிருந்தாள். உடனே ஆறு இலக்கம் அவள் ஃபோனுக்கு வரும்; அதைத் தட்டினால் எந்த ஃபோனிலிருந்தும் கணக்குக்குள் நுழையலாம். ஃபோன் பூட்டியிருந்தாலும் செய்தி திரையில் தெரியும். பிளாஸ்டரைப் புரட்டக்கூடத் தேவையில்லை.

மாலையில் பார்த்தால் படங்கள் எல்லாம் அழிந்திருந்தன. "எங்கள் லயம் பாதுகாப்பானது" என்று அவள் பேரில் ஒரு பதிவு மட்டும் இருந்தது.

5

(இங்கே வடிவு அம்மாக்கண்ணுவைத் திட்டுவதாக எழுதினேன். வாசித்தபோது பொய்யாக இருந்தது. அடித்துவிட்டேன்.)

"கண்டாக்கையா புள்ளைங்க எண்ணிக்கை பாக்க வந்தாருடி," என்றாள் அம்மாக்கண்ணு. கண்டாக்கு என்றால் மலையில் வேலையை மேற்பார்க்கும் தோட்ட உத்தியோகத்தர். "ஒன் ஃபோன் சத்தம் போட்டுச்சு. குனிஞ்சு பாத்துட்டு, கையில இருந்த அவரு ஃபோன்ல என்னமோ தட்டுனாரு. ஒன் ஃபோனத் தொடக்கூட இல்ல."

"தொடாமலே எடுத்துட்டாருக்கா."

"இனிமே யாரு ஃபோனையும் நான் வாங்க மாட்டேன். இந்தப் பொல்லாப்பு எனக்கு எதுக்கு?"

"நீங்க வாங்கித்தான் ஆகணும். பள்ளிக்கூடத்துல இனிமே கோல் எடுக்கச் சொல்லிருவோம், கோல் வந்தா எடுக்குறதுக்கு நம்பர் போடத் தேவையில்லக்கா. பூட்டு ஃபோனுக்குத்தான், ஒங்களுக்கு இல்ல."

சொன்ன கையோடு பிளாஸ்டர்களை உரித்தாள். பூட்டிய திரையில் செய்தி தெரியாதபடி ஒவ்வொரு ஃபோனாக மாற்றிக்கொண்டு வந்தாள். அம்மாக்கண்ணுவின் ஃபோனில் கை நின்றது. திரையில் வெடிப்புக்குள் வடிவின் கை, ஞாயிறு ஞாயிறாக, தேதியோடு. முகநூலில் போடும் முன் லயத்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவது அவள் வழக்கம். அனுப்பியது ஒவ்வொரு ஃபோனிலும் போய் இறங்கியிருக்கிறது. கண்டாக்கு பிடித்தது ஒரு வாசலைத்தான்.

வடிவு வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் எழுதும்போது சிரிப்பு வந்தது.

6

வெள்ளிக்கிழமை கண்டாக்கு அதிகாரிகளைப் புல் பதித்த மேட்டுக்குக் கூட்டிப்போனார். "படத்த அந்தப் பொண்ணே அழிச்சிருச்சு. பொய்யினு தெரிஞ்சிதானே அழிச்சிருக்கு?" என்றார்.

லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் ஃபோனை நீட்டினார்கள். முதல் ஃபோனை மரியாதைக்காகப் பார்த்த அதிகாரி, நான்காவதில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். புல்லைத் தோண்டச் சொன்னார். கண்டாக்கு செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குணரத்தினம் சேர் கதையை வாசித்துவிட்டுச் சொன்னார்: "நாலாம் பகுதியை எடுத்துவிடுங்கோ, பிள்ளை, கள்ளன் உள்ளூர்க்காரன் எண்டால் பிரச்சினை வரும். கடைசியிலை அவ திருந்தினதாயும் போடுங்கோ."

"அவ ஏன் சேர் திருந்தணும்?"

அவர் தாள்களை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார். கைநூலில் இந்தக் கதை வராது. வராவிட்டால் போகட்டும். ஒரு சொல்லையும் எடுக்க மாட்டேன். நீங்கள் இதுவரை வாசித்துவிட்டீர்கள். இனி யார் அழித்தாலும் உங்களிடம் ஒரு பிரதி இருக்கும்.

முடிவு கேட்பீர்கள். இரண்டு எழுதிப் பார்த்தேன். லயத்தை மாற்றினார்கள் என்று ஒன்று. இன்னொன்று, அறிக்கை வருவதற்குள் மழை வந்து—

இரண்டையும் தர மாட்டேன். அறிக்கை இன்னும் வரவில்லை, மேட்டு லயத்தில் ஆட்கள் இன்னும் தூங்குகிறார்கள். முடிவை எழுதுகிற வேலை என்னுடையதல்ல. அதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் கேட்காதீர்கள். அவர்களிடம் போய்க் கேளுங்கள்.