நாலு மணி நேரப் பேச்சு

அதிகாரி அம்மாள் அசையும்போதெல்லாம் அவருடைய நாற்காலி இடது பக்கமாக முனகியது. சோபாக்கடை விற்பனையாளருக்கு அதுதான் பொறுக்கவில்லை. மனைவியைத் தன்னோடு அழைத்துக்கொள்ள விசா கேட்டு வந்திருக்கும் இடம் இது. இங்கே போய், 'ஸ்பிரிங் போயிடுச்சு மேடம், நம்ம கடைக்கு வாங்க, பாத்துப் போட்டுத் தரேன்' என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. மென்று விழுங்கினார். இது நிஜக் கல்யாணம்தானா என்று சந்தேகப்பட்டு ஏற்கெனவே ஒருமுறை கையை விரித்துவிட்டார்கள். கல்யாணமாகி நாலு வருஷம். சேர்ந்து இருந்தது அவர் லீவில் ஊருக்குப் போன மாதங்கள் மட்டும். இன்றைக்கும் கையை விரித்தால் அவர் இங்கே, அவள் அங்கே, நடுவில் ஒரு கைபேசி. அவ்வளவுதான் குடித்தனம்.

பக்கத்தில் மொழிபெயர்ப்புக்கு ஒல்லியாக ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். "அண்ணே, தினம் நாலு மணி நேரம் வீடியோவுல இருக்கீங்களாம். அப்படி என்னதான் பேசுவீங்கன்னு கேக்குறாங்க."

விற்பனையாளரின் தொழில்புத்தி சிலிர்த்துக்கொண்டு எழுந்தது. உள்ளதை உள்ளபடி சொன்னால் சரக்கு நகராது. எதிரே இருப்பவர் எப்படியும் பாதியாகக் குறைப்பார். ஆகவே இரண்டு மடங்காகச் சொல்ல வேண்டும். கழித்தது போக நியாயமான விலை நிற்கும்.

"அன்பாப் பேசுவோம் தம்பி. சாப்பிட்டியா கண்ணு, நீயில்லாம எனக்குத் தூக்கமே இல்லன்னு ஆரம்பிச்சா போன வைக்க மனசே வராது. கவிதையெல்லாம் சொல்லுவேன். அவ அழுவா. அதப் பாத்து நானும் அழுவேன்."

இளைஞர் அதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"தம்பி, அழுகைய விட்டுட்டீங்க."

"சொல்லிட்டேண்ணே."

"ரெண்டு பேரோட அழுகையுமா?"

அதிகாரி அம்மாள் ஏதோ சொன்னார். இளைஞரின் முகம் சுருங்கியது. "காலையில உங்க வீட்டம்மாவுக்கு போன் போட்டு இதே கேள்வியக் கேட்டாங்களாம். 'ஒண்ணும் பேச மாட்டோம்'னு சொல்லிட்டாங்களாம்."

விற்பனையாளர் பேந்தப் பேந்த விழித்தார். ஒரே கடையில் ஒரே சோபாவுக்கு இரண்டு பேர் இரண்டு விலை சொல்லி மாட்டிக்கொள்வதைவிடக் கேவலம் அவருக்குத் தெரிந்து எதுவுமில்லை.

அதிகாரி அம்மாள் திரையைத் திருப்பி, அவர் மனைவியையே வீடியோவில் கூப்பிட்டார். தையல் அறை தெரிந்தது. பின்னால் பள்ளிச் சீருடைகள் மலையாகக் குவிந்திருந்தன. கழுத்தில் அளவு நாடா, உதட்டில் குண்டூசியோடு அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, அவங்ககிட்ட என்ன சொல்லி வச்சீங்க?"

"அன்பாப் பேசுவோம்னு..."

"நீங்களா?" குண்டூசியை எடுத்துத் துணியில் குத்தினாள். "கவிதை சொல்லுவேன்னு வேற சொல்லியிருப்பீங்களே?"

அவர் மேசையைப் பார்த்தார்.

"சொல்லியாச்சு! சோபா விக்கிற வாய் சும்மா இருக்குமா? என்னையும் பழைய ஸ்டாக்குன்னு நெனச்சு பாலிஷ் போட்டுத் தள்ளிவிடப் பாத்தீங்களா?"

"உனக்காகத்தான்மா..."

"எனக்கு எதுக்குங்க பாலிஷ்?"

இளைஞர் மூச்சிரைக்க மொழிபெயர்த்துக்கொண்டே அவர்கள் பேச்சின் பின்னால் ஓடினார். சோபாவும் பாலிஷும் போய்ச் சேர்ந்ததும் அதிகாரி அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்றுமே பேசுவதில்லையென்றால் நாலு மணி நேரம் எதற்கு என்று கேட்டார்.

விற்பனையாளர் வாயைத் திறந்தார். சரக்கு வரவில்லை. "எதுக்குன்னா... சும்மாதான். அவ தைப்பா. நான் வேலை முடிச்சு வந்து சமைப்பேன், துணி மடிப்பேன். போன் அதுபாட்டுக்கு இருக்கும்." இத்தனை வருஷத் தொழிலில் முதல் தடவையாக எதையோ அடக்கவிலைக்குச் சொல்லிவிட்ட வெறுமை அவருக்கு. "அவ்வளவுதான் மேடம். இதுல கழிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல."

"கேட்டாச்சா?" என்றாள் திரையில் இருந்தவள். "நாளைக்குப் பள்ளிக்கூடம் தொறக்குது. நான் தைக்கிறேன், நீங்க பேசுங்க." பதிலுக்குக் காத்திராமல் கைபேசியை எதன்மேலோ சாய்த்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். கடகடவென்ற சத்தம் அலுவலகத்தை நிறைத்தது. நிறுத்தச் சொல்லக் கையைத் தூக்கிய அதிகாரி அம்மாள் அப்படியே இருந்தார்.

விற்பனையாளரின் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது போலிருந்தது.

"மெஷின் பெல்ட் தளர்ந்திருக்கு," என்றார்.

"இப்பத்தான் தெரியுதா?"

"நேத்தே சொன்னேனே."

"எங்க சொன்னீங்க?"

அவர் யோசித்தார். "சொல்லல. நெனச்சேன்."

"ம்," என்றாள் அவள்.

அதிகாரி அம்மாள் இளைஞரைப் பார்த்தார். இளைஞர் மொழிபெயர்க்க வாயைத் திறந்து, சற்று யோசித்து, மூடிக்கொண்டார்.

மேசை மேலிருந்த திரை மெல்லச் சரியத் தொடங்கியது. அதிகாரி அம்மாள் ஸ்டேப்ளரை எடுத்து அதன் அடியில் முட்டுக்கொடுத்து, விற்பனையாளர் பக்கமாக லேசாகத் திருப்பி வைத்தார். நாற்காலி இடது பக்கமாக முனகியது. விற்பனையாளர் காதில் அது விழவில்லை. மெஷின் ஒரு கணம் நின்றது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, தலையைத் தூக்கி, அவர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு மறுபடி மிதித்தாள்.