இரண்டு சர்வருக்கு ஒரு டிஸ்க்

ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே படங்களைச் சேமிக்கும் சர்வரில் இடம் தீர்ந்துகொண்டிருந்தது. அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டே உள்ளே ஆபரேஷன் நடப்பதால் அதை நிறுத்தவே முடியாது. ஓடும்போதே புது டிஸ்க்கைக் கொடுத்து, சர்வரை இயக்குகிற லினக்ஸை அதைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். அது ஆஸ்பத்திரி சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் அவளுடைய வேலை. டிஸ்க்கை ஒதுக்கித் தருவது அடுத்த அறையிலிருந்த அவள் தங்கை புருஷனின் வேலை. அவள் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடப்போய், கம்ப்யூட்டர் பிரிவுக்கே அவன் மாப்பிள்ளையாகிவிட்டிருந்தான்.

டிஸ்க் கொடுத்தாயிற்று என்று அவன் போனில் சொன்னான். சர்வரிலிருந்து, டிஸ்க்குகளெல்லாம் இருக்கிற ஸ்டோரேஜ் பெட்டிக்கு இரண்டு வழிகள், ஒன்று போனால் இன்னொன்று. ஒரு வழியில் தேடச் சொன்னாள். ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்குகளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை என்று பார்த்துவிட்டு, அடுத்த வழியில் தேடச் சொன்னாள். புதிதாக வந்ததைச் சேர்க்க மட்டும்தான் உத்தரவு. இணைப்பை அறுத்துப் புதுப்பிக்கிற கமாண்ட் பக்கமே அவள் போகவில்லை. டிஸ்க் வந்தது. கேட்ட அளவுதான்.

ஃபார்மட் செய்யச் சொன்னாள். இதில் ஏற்கெனவே தகவல் இருக்கிறது, மேலே போகலாமா என்று திரை கேட்டது. பழைய டிஸ்க்கைத் துடைத்துக் கொடுத்தால் வழக்கமாக வருகிற கேள்விதான். விரல் தன் போக்கில் 'ஒய்' எழுத்தை அடித்துவிட்டது. என்டரைத் தட்டப்போகும்போதுதான் கேள்விக்கு நடுவே இருந்த பெயர் கண்ணில் பட்டது: ஐசியூ மருந்து.

எந்தப் படுக்கைக்கு எந்த மருந்து, எவ்வளவு, கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்பதெல்லாம் இருக்கிற டிஸ்க். இந்த நிமிஷமும் வேறொரு சர்வர் அதில் எழுதிக்கொண்டிருக்கிறது.

கேள்வியை ரத்து செய்துவிட்டு அவனுக்குப் போன் போட்டாள். இப்போதுதான் உருவாக்கினேன், சுத்தமான காலி டிஸ்க் என்று அவன் சிரித்தான். அவள் டிஸ்க்கின் அடையாள எண்ணைப் படித்துக் காட்டினாள். பாதியிலேயே அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, அது ஐசியூ டிஸ்க். புதுசுக்குப் பதிலா அதைக் கொடுத்துட்டேன்."

"தெரியுது. நீங்க இப்ப ஒண்ணும் பண்ணாதீங்க மாப்பிள்ளை. முதல்ல நான் இந்தப் பக்கம் கழட்டிடறேன், அதுக்கப்புறம்..."

"எடுத்துட்டேன்க்கா."

அவள் திரையைப் பார்த்தாள். டிஸ்க் அங்கேயே இருந்தது. படித்துப் பார்த்தாள், படித்தது.

"என்கிட்ட இன்னும் இருக்கு. யார்கிட்டேர்ந்து எடுத்தீங்க?"

"ஐயோ, ஐசியூ சர்வர்லேர்ந்து எடுத்துட்டேன்க்கா."

ஐசியூவின் தலைமை நர்ஸ் போனில் கூப்பிட்டார். எல்லாத் திரையும் அப்படியே உறைந்துவிட்டதாம். அடுத்த நிமிஷமே தலைமை டாக்டர் நேரில் வந்து, ஐசியூ சர்வரை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். அவரிடம் அந்த வார்த்தையை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. டிஸ்க் காணாமல் போனதிலிருந்து திரை உறைகிற வரைக்கும் நர்ஸ்கள் பதிவு செய்ததெல்லாம் சர்வரின் நினைவில் காத்துக்கிடக்கிறது. நிறுத்தினால் அத்தனையும் போய்விடும் என்று விளக்கினாள்.

"கொடுத்த மருந்தைக் கொடுக்கலைன்னு காட்டும் டாக்டர். இன்னொரு தடவை கொடுத்துடுவாங்க."

திரையை நம்பாமல் எல்லாவற்றையும் பேப்பரில் எழுதச் சொல்ல டாக்டர் ஐசியூவுக்கு ஓடினார்.

அவள் தன் எக்ஸ்ரே சர்வரிலிருந்து அந்த ஒரு டிஸ்க்கை மட்டும், இரண்டு வழியிலும், பெயர் பார்த்துக் கழட்டினாள். அதன் பிறகே ஸ்டோரேஜில் அந்த இணைப்பை நீக்கச் சொன்னாள். மாப்பிள்ளை இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுப் படித்தான். அவள் சரி என்ற பிறகே கை வைத்தான். அதேபோல் ஐசியூ சர்வருக்குப் பழைய இடத்திலேயே, பழைய எண்ணிலேயே டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தான். அவள் தன் இடத்திலிருந்தே ஐசியூ சர்வருக்குள் போய் முதல் வழியில் தேடச் சொன்னாள்.

ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டச் சொல்லி விரல் பரபரத்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

டிஸ்க் தெரிந்தது. சற்றுப் பொறுத்து இரண்டாவது வழியிலும் தெரிந்தது. தேங்கிக்கிடந்ததெல்லாம் மடை திறந்த மாதிரி டிஸ்க்கில் இறங்க ஆரம்பித்தது. போனில் தலைமை நர்ஸ், "ஓடுதும்மா" என்றார். பேப்பரில் எழுதியதையும் திரையையும் படுக்கை படுக்கையாக ஒத்துப் பார்த்தார்கள். யாருக்கும் எதுவும் தவறிப்போகவில்லை.

அவள் அடுத்த அறைக்குப் போனபோது மாப்பிள்ளை அங்கே இல்லை. ஐசியூவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். உள்ளே போகிற நர்ஸ் ஒருத்தி, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டாள். தேடிவந்தவள் அவன் முழங்கையைப் பிடித்துத் திருப்பினாள்.

தலைமை டாக்டரிடம் அவனே எல்லாவற்றையும் சொன்னான். எதையும் குறைக்கவில்லை. இனி இந்த வேலையில் பக்கத்தில் இன்னொருவர் இல்லாமல் எதையும் தொடக் கூடாது என்று மட்டும் அவர் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

படி இறங்கிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அவனும் இரண்டு படி கீழே உட்கார்ந்தான். வருகிறவர்கள் போகிறவர்கள் அவர்களை ஒதுங்கித் தாண்டினார்கள். அவளுடைய போன் அடித்தது. தங்கை. இரண்டு பேரும் அது அடித்து ஓய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.