முந்நூறு கிராம் வில்லன்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. ஆர்டர். போன செவ்வாய்க்கிழமை பிரசவ வார்டில் படுத்துக்கொண்டு என் தங்கை பூவிழி சொன்னாள்:

"அக்கா, நீதான் கண்டதையும் எழுதுறியே, எனக்கு ஒண்ணு எழுதிக் குடு. கருவாடு தின்னுதான் பிரஷர் ஏறுச்சுன்னு என் மாமியார் ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்காங்க. அது இல்ல, நஞ்சுக்கொடிதான் காரணம்னு எழுது."

"டாக்டரம்மா குடுத்த ரிப்போர்ட்ட காட்டேன்."

"அதெல்லாம் நம்ப மாட்டாங்க. அச்சுல கதையா வந்தாத்தான் நம்புவாங்க."

உண்மைதான். மாமியார் ஆதிலட்சுமி வாரப் பத்திரிகையை ராசிபலன் தொடங்கிக் கடைசிப் பக்கத்து அச்சக முகவரி வரைக்கும் படிப்பவர். மருமகள் எட்டாம் மாசம் பிறந்ததுமே பிள்ளையைப் பெற்றுக் கண்ணாடிப் பெட்டியில் போட வைத்துவிட்டாள் என்ற கோபத்தில், பன்னிரண்டு நாளாக அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. ஆக, இந்தக் கதைக்கு முக்கியமான வாசகர் ஒருவர்தான். மற்றவர்கள் சும்மா கூட உட்கார்ந்து படிக்கலாம்.

2

முதல் வரி, முயற்சி ஒன்று:

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் முடிகிற நேரம், பூவிழிக்குக் கண் இருட்டிக்கொண்டு

(வேண்டாம். மீன் வந்தாலே ஆதிலட்சுமி அம்மா "பாத்தியா, கருவாடு" என்பார். அவர் மகன் கலைவாணனுக்குத் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் வேலை. அந்த வீட்டுக்கு மீன் வராமல் வேறென்ன வரும்?)

முயற்சி இரண்டு:

கர்ப்பிணியின் உடலில் நஞ்சுக்கொடியானது

(பள்ளிக்கூடப் பாடம். தூக்கம் வருகிறது.)

மூன்றாவது முயற்சி கிடையாது. டாக்டரம்மா சொன்னதை அப்படியே போட்டுவிடுகிறேன்: "நஞ்சுக்கொடியில அழற்சி இருந்திருக்கு. அடிபட்ட இடம் செவந்து வீங்குதுல்ல, அது மாதிரி உள்ள நடக்குறது. அதுலேர்ந்து சில பொருளுங்க அம்மாவோட ரத்தத்துல கலந்து ரத்தக் குழாயோட உள்சுவரக் கெடுக்குது. குழாய் இறுகுது, பிரஷர் ஏறுது. எல்லாருக்கும் இதேதான்னு சொல்ல முடியாது, இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டுத்தான் இருக்காங்க. ஆனா இந்தப் பொண்ணு தின்னதால வரல."

3

வில்லன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. எடை முந்நூறு கிராம் சொச்சம். வசனம் கிடையாது. பழிவாங்கும் எண்ணம் கிடையாது. பிள்ளைக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே தாயின் ரத்தத்தைக் கெடுத்திருக்கிறது. வெளியே எடுத்ததும் மருந்துத் தண்ணீர் டப்பாவில் போட்டு லேபுக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டில் குற்றப்பத்திரிகை ஒன்றரை வரி. (பேரிலேயே நஞ்சு இருக்கிறதே, அதை வைத்து ஒரு பத்தி எழுதலாமே என்று கை அரித்தது. அடக்கிக்கொண்டேன்.)

இவ்வளவை வைத்துக் கதை நடத்த முடியாது. மனுஷர் செய்த தப்பு ஒன்று வேண்டும். அது கைவசம் இருக்கிறது.

4

ஆறாம் மாசத்திலேயே பிரஷர் ஒருநாள் லேசாக எட்டிப் பார்த்ததால், தினமும் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. மணிக்கட்டில் கட்டிப் பார்க்கிற மெஷின் ஒன்றை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஏழாம் மாசம் வளைகாப்பு நடந்தது. பெரிய மார்க்கெட்டில் வாங்கின கண்ணாடி வளையல், இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும். பிரசவம் ஆகிற வரை கழற்றக் கூடாது. அப்புறம் மணிக்கட்டு எங்கே தெரியும், மெஷினை எங்கே கட்டுவது?

அதற்குப் பிறகு நோட்டில் பதினாறு நாளைக்கு 120/80. ஒரே பேனா.

பதினேழாம் நாள் தலைவலி, கண் மங்கல். வார்டில் பார்த்தால் 180/110. வலிப்பு வராமல் இருக்க ஊசி போட்டார்கள். நர்ஸ் சோப்புத் தண்ணீர் விட்டு வளையலை உருவினார். சாயந்தரமே ஆபரேஷன். பெண் குழந்தை, ஒரு கிலோ முந்நூறு.

மறுநாள் டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். "இது வர்றத நாம யாரும் தடுத்திருக்க முடியாதும்மா. ஆனா பிரஷர் ஏறுறது முன்னாடியே தெரிஞ்சிருந்தா மாத்திர குடுத்துப் பாத்திருப்பேன். கொழந்தைக்கு இன்னும் ஒரு வாரம், பத்து நாள் உள்ளேயே கெடச்சிருக்கலாம். வளையலக் கழட்ட வேணாம்னு யாரு சொன்னா?"

"நானேதான் டாக்டர்," என்றாள் பூவிழி.

நான் பக்கத்தில் நின்று ஹார்லிக்ஸ் ஆற்றிக்கொண்டிருந்தேன்.

5

இந்த இடத்தில் முதல் பிரதியில் இருந்த வரி:

"வளையலக் கழட்டுனா குடும்பத்துக்கு ஆகாது," என்று கண்ணை உருட்டினார் ஆதிலட்சுமி

நன்றாகத்தான் இருந்தது. மாமியார் தலையில் போட்டால் எந்த வாசகரும் சாட்சி கேட்க மாட்டார். அடித்துவிட்டேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவே இல்லை.

இரண்டாம் பிரதியில் பூவிழியே முடிவெடுத்தாள். அதுவும் பொய்.

நடந்தது இது. வளைகாப்பு அன்று சாயந்தரம் எனக்குப் போன் வந்தது.

"அக்கா, மெஷின் கையில ஏற மாட்டேங்குது. ஒரு கை வளையல மட்டும் கழட்டட்டா?"

"கழட்டாதடி."

"நோட்டுல என்னா எழுதுறது?"

"நேத்து எவ்ளோ இருந்துச்சு?"

"நூத்தி இருவது, எம்பது."

"அதையே போடு. நல்லாத்தானே இருக்க."

சொன்னது நான். கோயில் பக்கம் போகாத, மைக் கொடுத்தால் மூடநம்பிக்கை பற்றி நாற்பது நிமிஷம் பேசுகிற நான். பயம்தான், வேறென்ன. கழற்றி ஏதாவது ஆகிவிட்டால் காலத்துக்கும் நான்தானே காரணம் என்ற பயம். சீ, எழுதவே வெட்கமாக இருக்கிறது. என்னைக் காட்டிக்கொடுக்காமல் தங்கச்சி அத்தனை பேச்சையும் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

6

இனி முடிவு. குழந்தை இரண்டு கிலோ ஆகி, ஆரத்தி எடுத்து, தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்து

(எனக்கும் ஆசைதான்.)

இன்னொரு முடிவும் உண்டு. எழுத மாட்டேன். கேட்காதீர்கள். இன்று காலை எடை ஒரு கிலோ முந்நூற்று நாற்பது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பத்திரிகைக்காரர்கள் பதில் போட மூன்று மாசம் ஆகும். அதனால் இதை டைப் அடித்து, நான்கு பக்கமாக, கலைவாணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். இதுவும் அச்சுதான்.

ஆதிலட்சுமி அம்மா, மற்றவர்கள் எழுந்து போகட்டும், உங்களிடம் மட்டும் சொல்கிறேன். பூவிழி தின்ற எதனாலும் இது வரவில்லை. பிரஷர் ஏறினது லேட்டாகத் தெரிந்ததற்குக் காரணம் நான். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள், கருவடிக்குப்பத்தில்தான் இருக்கிறேன்.

குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுத்து, வெறும் நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டி வைத்திருக்க வேண்டுமாம். வீட்டுப் பெண்கள் யார் வேண்டுமானாலும் மாற்றி மாற்றிச் செய்யலாம், அந்தச் சூட்டில் எடை ஏறும் என்கிறார் நர்ஸ். பூவிழிக்கு இன்னும் பிரஷர் இறங்கவில்லை, அதிக நேரம் உட்காரக் கூடாது. காலையில் நான் வைத்துக்கொள்கிறேன். சாயந்தரம் எங்கம்மா. மதியம் இரண்டிலிருந்து நாலு வரைக்கும் யாரும் இல்லை.

நாற்காலி ஜன்னலோரம் இருக்கிறது. முன்பக்கம் கொக்கி வைத்த ஜாக்கெட்டாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.