வியாழக்கிழமைப் புடிங்

நூல் மூன்றாவது தடவையும் வழுக்கியது. சபாரத்தினம் பீங்கான் கிண்ணத்தை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, விளிம்புக்குக் கீழே நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்தார். இந்தத் தடவை முடிச்சு நின்றது. கிண்ணத்தின் வாயை மூடிய தாளின் நடுவே விரலகலத்துக்கு ஒரு மடிப்பு விட்டிருந்தார். உள்ளே மா வெந்து பொங்கும்போது அந்த மடிப்பு விரிந்து இடம் கொடுக்கும். மடிப்பில்லாமல் இறுக்கிக் கட்டினால் தாள் கிழியும். கிழிந்த வழியால் நீராவி இறங்கும். நாலு மணித்தியால வேலை களியாகப் போகும்.

"உது என்னடா தம்பி, விடியக் காத்தால?"

அவருடைய அக்கா ஆனந்தவல்லி குசினி வாசலில் நின்றார். அவருக்கும் ஆக்லாந்தில் இதே லின்ஃபீல்டில்தான் வீடு, நாலு தெரு தள்ளி. இரண்டு கையாலும் கணவாய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்திருந்தார்.

"பத்மாவுக்கு."

"பத்மாவுக்குத்தானே நான் எல்லாம் செய்யிறன். நீ போய்ப் படத்துக்கு மாலையைப் போடு."

சபாரத்தினத்தின் மனைவி பத்மாவதி போன திங்கட்கிழமை மத்தியானம், இதயம் களைத்து, ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வெள்ளிக்கிழமை தகனம். இன்று ஞாயிறு, எட்டுச்செலவு. கணக்குப்படி ஏழாம் நாள்தான். ஆனால் வேலை நாளில் வா என்று ஆக்லாந்தில் யாரைக் கூப்பிட முடியும்? எட்டுச்செலவன்று செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்க வேண்டும். அன்றைக்கு மச்சம் விலக்கில்லை. மீன், நண்டு, ஆட்டிறைச்சி, குடிக்கிறவராக இருந்தால் ஒரு கிளாஸ் சாராயமும் வைக்கலாம். முப்பத்தோராம் நாளில் எல்லாம் சைவமாகி, அவரும் சாமியோடு சேர்ந்துவிடுவார். அதற்கு முன், நாக்கும் ஆசையுமாக வாழ்ந்த அதே ஆளை ஒரு தடவை கூப்பிட்டு இருத்திச் சோறு போட்டு அனுப்புகிற நாள் இது.

சபாரத்தினம் பெரிய சட்டிக்குள் ஒரு சாசரைக் கவிழ்த்து வைத்தார். அதன் மேல் கிண்ணத்தை இறக்கி, பாதி உயரம் வரை கொதிநீர் ஊற்றி, மூடினார். சாசர் கடகடவென்று ஆடத் தொடங்கியது. அந்தச் சத்தம் இருக்கும்வரை தண்ணீர் இருக்கிறது என்று பொருள்.

"ஓ, புட்டு அவிக்கிற மாதிரியே?" என்றார் ஆனந்தவல்லி.

"கிட்டத்தட்ட. ஆனா நாலு மணித்தியாலம்."

"நாலு மணித்தியாலமோ! என்ன, ஆனையையே அவிக்கிறாய்?"

"ஆனை இல்லை அக்கா. மாடு."

"பகிடி விடாத."

"பகிடி இல்லை. உள்ளுக்கு மாட்டிறைச்சியும் கிட்னியும். சுத்தியிருக்கிற மாவுக்குள்ளயும் மாட்டுக் கொழுப்பு."

ஆனந்தவல்லி கணவாய்ச் சட்டியை மெதுவாக மேசையில் வைத்தார். "சிவசிவா. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் வெறுந்தண்ணியோட இருந்தவளின்ர படத்துக்கு முன்னாலயோ இதை வைக்கப்போறாய்?"

"ஓம். அவதான். சஷ்டி முடிய, அடுத்த வியாழக்கிழமை இதைச் சாப்பிட்டவ."

விஷயம் இருபத்திரண்டு வருடப் பழசு. த்ரீ கிங்ஸில் வயோதிபர் தங்கும் ஒரு ரெஸ்ட் ஹோம் குசினியில் பத்மாவதி வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் இளவயதில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து, இங்கேயே கிழடுபட்டவர்கள். அவர்களுக்குத் தாய்மார் சமைத்த சாப்பாடு வேண்டும். உருளைக்கிழங்கு மசியல் மூடிய காட்டேஜ் பை, பாணும் பட்டரும் போட்ட புடிங், மஞ்சள் கஸ்டர்ட், வியாழக்கிழமைகளில் ஸ்டேக் அண்ட் கிட்னி புடிங். பத்மாவதிக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. திரும்பி வருகிற தட்டுகள்தான் சொல்லிக்கொடுத்தன. எதை ஒதுக்கியிருக்கிறார்கள், எதை வழித்திருக்கிறார்கள் என்று தட்டுத் தட்டாகப் பார்ப்பார். முதல் மாதம் கிரேவி எல்லாம் மிஞ்சி வந்தது. வெங்காயத்தை அவசரப்பட்டுப் பொரித்ததுதான் பிழை, சின்ன நெருப்பில் முக்கால் மணித்தியாலம் வதங்க விட வேண்டும் என்று தானே கண்டுபிடித்தார். ஆறாம் மாதம், லிவர்பூலிலிருந்து பத்தொன்பது வயதில் வந்த ஒரு மனிதர் புடிங்கில் ஒரு வாய் வைத்துவிட்டு, கரண்டியைக் கீழே வைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். பிறகு தட்டை நக்காத குறை.

ருசி பார்க்காமல் எப்படிச் சமைப்பது? முதல் வருடமே பத்மாவதி, வேலை முடிந்து ஏற்ற வந்த புருஷனிடம், காருக்குள்ளேயே சொல்லிவிட்டார். "நான் நாக்கில வைச்சுப் பாக்கிறனான். பாக்காமல் குடுத்தா அந்தச் சனத்துக்குத் துரோகம்." அடுத்த வருடம், "இப்ப ருசி பாக்க மட்டும் இல்லை. எனக்கே விருப்பமாக் கிடக்கு. ஆரின்ரயோ அம்மா சமைச்ச சாப்பாடு, எனக்கேன் இப்பிடி ஆசை வருது?" என்றார். சபாரத்தினம் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பொயிலர் பார்த்தவர். நீராவி என்றால் காதைக் கொடுப்பார்.

"கொழுப்புக்குப் பதிலா பட்டர் போட்டா என்ன?" என்று ஒருநாள் கேட்டார்.

"பட்டர் அவசரக்காரி. மா இறுக முன்னம் உருகி ஓடிடுவா. சூயட் அப்பிடி இல்லை. அது மாட்டின்ர கிட்னியைச் சுத்தி இருக்கிற கொழுப்பு. மா தன்னைச் சுத்தி இறுகும்வரைக்கும் அப்பிடியே இருக்கும். பேந்துதான் உருகும். அது இருந்த இடமெல்லாம் சின்னச் சின்ன ஓட்டையா வரும். அதுதான் பஞ்சு மாதிரி இருக்கிறது."

சபாரத்தினத்துக்கு அது அவ்வளவு பிடித்துப்போய், காரைத் தெருவோரம் நிறுத்திவிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவர் அதை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. ஆனால் இருபத்திரண்டு வருடம் கேட்டுக் கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்கு அது மனதில் இருந்தது. நேற்று இறைச்சிக்கடையில் கொழுப்புக் கட்டியைக் கையில் வாங்கியபோதுதான் அது எவ்வளவு பாரம் என்பது மட்டும் தனக்குத் தெரியாமல் இருந்தது என்று தோன்றியது.

"அவள் ஏதோ வயித்துப்பாட்டுக்குத் தொட்டிருப்பாள்," ஆனந்தவல்லி குரலைத் தாழ்த்தினார். "அதை மூடி மறைக்கிறதுதான் உனக்கு மரியாதை. இந்தா, நான் அவளுக்குப் பிடிச்சதெல்லாம் செய்யிறன். கணவாய்க் கறி, மீன் தலைக் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, நண்டு..."

"கணவாய் பத்மாவுக்குப் பிடிக்குமெண்டு ஆர் சொன்னது?"

"ஏன், கிழமைக்கு ஒருக்காச் சமைக்கிறவள்தானே."

"சமைக்கிறவ. சாப்பிடமாட்டா. கணவாய் சாப்பிட்டா அவவுக்கு மேலெல்லாம் கடிச்சுத் தடிக்கும்."

ஆனந்தவல்லி மேசையிலிருந்த கணவாய்ச் சட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"மீன் தலை ஆருக்குப் பிடிக்கும்? எனக்கு. கத்தரிக்காய் எனக்கு. நண்டு எனக்கும் பிள்ளைக்கும். அக்கா, நீங்கள் சொன்னதெல்லாம் என்ர எட்டுச்செலவுக்குச் செய்யிறதுக்கு வடிவான சாப்பாடு. அப்ப செய்யுங்கோ. இண்டைக்கு அவவின்ர நாள்."

பின்வளவு வாழையில் வெட்டிய இலைகளோடு மகள் பிரணவி உள்ளே வந்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "வாட் ஹாப்பண்ட்?"

"உன்ர கொப்பர் மாடு அவிக்கிறார்," என்றார் ஆனந்தவல்லி. "முப்பது சனம் வரப்போகுது. கோயில் ஆக்கள் வருகினம்."

பிரணவி சட்டியைப் பார்த்தாள். சமாதானம் பேசுகிறவளாக, "அப்பா, வெஜிடபிள் சூயட் எண்டு ஒண்டு இருக்கு. கடைக்குப் போய்ட்டு வரட்டே? யாருக்கும் தெரியாது," என்றாள்.

"அம்மா அதையும் ஒருக்காப் போட்டுப் பாத்தவ. சவுக்காரம் மாதிரிக் கிடக்கெண்டு எறிஞ்சவ." சபாரத்தினம் அடுப்பைக் கொஞ்சம் குறைத்தார். "பக்கெட்டில அடைச்ச கிரேவியைக் கொண்டுவந்து, இனி இதைச் சூடாக்கிக் குடுத்தாக் காணும் எண்டு சொன்ன மனேச்சருக்கு என்ன சொன்னவ தெரியுமே? இது கிரேவி இல்லை, பெயின்ட் எண்டவ. வேலை போனாலும் பரவாயில்லை எண்டு வியாழக்கிழமை புடிங்கை விடாமல் செய்தவ. அவவுக்கு நான் டுப்ளிக்கேட் வைக்கிறதே?"

"இந்தப் பிள்ளை தாயைப் பற்றி என்ன நினைக்கும்?" ஆனந்தவல்லியின் கண் கலங்கியது. "அதையாவது யோசிச்சியே?"

"மாமி," என்றாள் பிரணவி. "நானும் சாப்பிட்டனான்."

சாசர் கடகடத்தது.

"சின்னனில ஸ்கூல் விட்டு அங்கதானே போறனான். அம்மா ஒரு சின்னப் பிளேட்டில வைச்சுத் தருவா. அப்பாக்குச் சொல்லாதை எண்டு சொன்னவ."

சபாரத்தினம் மகளை நிமிர்ந்து பார்த்தார். தனக்கும் பத்மாவதிக்கும் நடுவே மட்டும் இருந்தது என்று இத்தனை வருடம் நினைத்திருந்த ஒன்று. "எனக்குச் சொன்னவ," என்றார் மெல்ல, "பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ எண்டு."

பிரணவிக்குச் சிரிப்பு வெடித்தது. கையிலிருந்த இலையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்கும் வந்தது. ஒரு கிழமைக்குப் பிறகு அந்த வீட்டில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது குசினி அமைதியாக இருந்தது, அளவுக்கு மிஞ்சிய அமைதியாக.

"தண்ணி வத்திட்டுதடா," என்றார் ஆனந்தவல்லி.

சபாரத்தினம் கேத்திலை எடுத்துக்கொண்டு அடுப்புக்கு ஓடினார். கொதிநீர்தான் ஊற்ற வேண்டும். பச்சைத்தண்ணீர் விட்டால் கொதி நின்றுவிடும், கிண்ணமும் வெடிக்கலாம். ஊற்றியதும் சாசர் திரும்பப் பேசியது. பின்னால் ஆனந்தவல்லி கணவாய்ச் சட்டியைக் குளிர்பெட்டிக்குள் வைத்துக் கதவை அடித்துச் சாத்தினார்.

"வை. என்னவோ செய். ஆனா நான் சமைக்கிறதோட ஒரே இலையில வைக்காத."

"இல்லை. அவவுக்குத் தனி இலை."

இறந்ததற்கு முதல்நாள் பின்னேரம் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுத் தட்டு வந்தது. காட்டேஜ் பை. பத்மாவதி ஒரு கரண்டி எடுத்து, நாக்கில் உருட்டிப் பார்த்து, "வெங்காயத்துக்கு நேரம் குடுக்கேல்ல," என்று தள்ளி வைத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "இஞ்சருங்கோ, ஒரு வியாழக்கிழமைப் புடிங் இருந்தா வடிவாச் சாப்பிடுவன்," என்றார். "வீட்டை வாரும், செய்யலாம்," என்றார் சபாரத்தினம். வீட்டை வருவார் என்றுதான் அவரும் நினைத்திருந்தார்.

பன்னிரண்டரைக்குத் தெருவின் இரண்டு பக்கமும் கார்கள் நின்றன. முன் அறையில் பத்மாவதியின் படம், குத்துவிளக்கு, இரண்டு தலைவாழை இலை. ஒன்றில் ஆனந்தவல்லியின் சோறும் கறிகளும். மற்றது வெறுமையாக இருந்தது. சபாரத்தினம் கிண்ணத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்து, நூலை அறுத்து, தாளை உரித்து, ஒரு தட்டில் கவிழ்த்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தைத் தூக்கினார். பழுப்பு நிறக் குன்று போல அது சரியாமல் நின்றது.

"கேக்கோ, அண்ணை?" என்று யாரோ கேட்டார்கள்.

சபாரத்தினம் கிண்ணத்தைக் கீழே வைத்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "இது ஸ்டேக் அண்ட் கிட்னி புடிங். மாட்டிறைச்சி. பத்மாவுக்கு இதுதான் பிடிக்கும். இருபத்திரண்டு வருசம் சமைச்சவ, சாப்பிட்டவ. விருப்பமில்லாத ஆக்கள் வெளிய நிக்கலாம். நான் கோவிக்கமாட்டன்."

கோயில் தலைவர் சின்னையா வாசலுக்குப் போய்ச் சப்பாத்தைப் போட்டார். அவர் பின்னால் மனைவியும், இன்னும் மூன்று பேரும். ஒரு கார் புறப்படும் சத்தம் கேட்டது, பிறகு இன்னொன்று. ஆனந்தவல்லி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஆனால் போகவில்லை. சபாரத்தினம் கத்தியை இறக்கினார். மா பஞ்சாகப் பிளந்தது. உள்ளிருந்து கரும்பழுப்புக் கிரேவி ஆவியோடு இலையில் வழிந்தது. பெரிய துண்டாக ஒன்று வைத்தார். கொஞ்சம் யோசித்து, இன்னொரு துண்டும் வைத்தார்.

படைத்த பிறகு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்துவது அவர்கள் வீட்டு வழக்கம். செத்தவர் உள்ளே வந்து சாப்பிட்டு முடியும்வரை வெளியில் நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று ஒருவரும் வகுத்து வைக்கவில்லை. இந்த ஊரில் அது ஐந்து நிமிடமாகச் சுருங்கியிருந்தது.

ஐந்து நிமிடம் போனது. ஒடுக்கமான நடையில் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. ஒரு பிள்ளை பசிக்குது என்று சிணுங்கியது.

"சரி தம்பி, திற," என்றார் ஆனந்தவல்லி.

"பொறுங்கோ அக்கா."

"இன்னும் என்ன?"

"நாலு மணித்தியாலம் அவிஞ்ச சாமான். வெட்டின உடன ஆறாது. அந்த மா சூட்டை வெளிய விடாது. கிரேவி உள்ளுக்குக் கொதிச்சபடி இருக்கும். அவசரப்பட்டுச் சாப்பிட்டா வாய் வெந்துபோகும்."

ஆனந்தவல்லி தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் செல்லும்?"

"இருபது நிமிசம். அரை மணித்தியாலமும் செல்லலாம்."

சபாரத்தினம் சாத்திய கதவில் முதுகைச் சாய்த்து, அப்படியே வழுக்கி நிலத்தில் உட்கார்ந்து, கால்களை நீட்டிக்கொண்டார். பிரணவி வந்து பக்கத்தில் இருந்தாள். கதவின் கீழிடைவெளியால் வதங்கிய வெங்காயத்தின் மணம் வந்துகொண்டிருந்தது.

ஆனந்தவல்லி பிறகு கராஜ் பக்கம் போய், மடக்குக் கதிரைகளை ஒவ்வொன்றாக விரித்து, நின்றவர்களுக்கு எடுத்துப் போடத் தொடங்கினார்.